'அனாதைப் பெண்': இல்லாத ஒரு படத்தைப் பற்றி

1

வை. மு. கோதைநாயகி அம்மாளின் 'அனாதைப் பெண்' நாவலை ராஜா சாண்டோ ஊமைப்படமாக எடுத்தார். தயாரித்தது சென்னையில் ஆர். பத்மநாபன் நடத்திய அஸோஸியேட்டட் பிலிம்ஸ். ஆண்டு 1930 என்றும் 1931 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. படம் இன்று இல்லை.

நமது சினிமா வரலாறுகளில் இந்தப் படத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். தியடோர் பாஸ்கரன் போன்ற ஓரிருவர் நீங்கலாக, தமிழ் சினிமா பற்றி எழுதுகிறவர்கள் ஊமைப்படக் காலத்தை ஒரு பத்தியில் தாண்டிவிட்டு, 1931 அக்டோபர் 31-ல் வெளியான 'காளிதாஸ்' படத்துக்கு வந்துதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒரு கலையின் முதல் பதினைந்து ஆண்டுகளை இப்படித் தாண்டுவது வேறு எந்தத் துறையிலும் நடக்காது. தாண்டுவதற்குச் சொல்லும் காரணம் நியாயமானதாகவே தோன்றும்: படங்கள் இல்லையே, என்ன எழுதுவது?

இல்லாத படத்துக்கு விமர்சனம் எழுத முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விமர்சனம் கண்ணெதிரே இருக்கும் ஒன்றின் முன் நின்று பேச வேண்டிய காரியம். ஆனால் ஒரு படம் இல்லாமல் போனதால் நம் பார்வையில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, அந்தப் பள்ளத்தை எதைப் போட்டு மூடியிருக்கிறோம் என்று கேட்கலாம். 'அனாதைப் பெண்' விஷயத்தில் இதைக் கேட்டாக வேண்டும் என்று எனக்குப் படுகிறது. காரணம் அது ஒரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நாவல் நம் போன்றவர்கள் மதிக்காத நாவல்.

2

ஆர். நடராஜ முதலியார் 1910-களின் இறுதியில் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' தொடங்கி, இங்கே உருவான ஊமைப்படங்களில் பெரும்பகுதி புராணம். இதற்குப் பக்தியைக் காரணமாகச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அதைவிடத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. கீசகன் யார், திரௌபதி அவனிடம் ஏன் அகப்பட்டாள், பீமன் என்ன செய்வான் என்பதெல்லாம் கொட்டகைக்கு வரும்போதே பார்வையாளனுக்குத் தெரியும். கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் பாட்டி வாயிலும் கேட்டுக்கேட்டு ஊறிய கதை. படம் கதை சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த கதையைக் காட்டினால் போதும். அதாவது படத்துக்கு ஞாபகப்படுத்தும் வேலைதான். பீமன் கையை ஓங்கினால் மீதியைப் பார்க்கிறவனே பூர்த்தி செய்துகொள்வான்.

நாவல் அப்படியல்ல. 'அனாதைப் பெண்' கதை ஜகன்மோகினி குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது புதுக்கதை. இவள் யார், அவன் அவளுக்கு என்ன உறவு, ஏன் அழுகிறாள், இந்த வீடு யாருடையது என்று ஒவ்வொன்றையும் படமே ஸ்தாபிக்க வேண்டும். சென்ற காட்சியில் பார்த்தவள்தான் இந்தக் காட்சியில் இருப்பவள், ஆனால் இடையில் சில வருஷங்கள் ஓடிவிட்டன என்பதைக்கூடப் படம்தான் புரியவைக்க வேண்டும். யாருக்கும் முன்கூட்டித் தெரியாத ஒரு கதையை, பேச்சின் துணையில்லாமல், உருவங்களை அடுத்தடுத்து வைத்தே சொல்வது என்ற பிரச்னையைத் தென்னாட்டில் எதிர்கொண்ட ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. சினிமா என்ற சாதனத்தின் அடிப்படைப் பிரச்னையே இதுதான். அதற்கு ராஜா சாண்டோ என்ன விடை கண்டார் என்பதுதான் நாம் இழந்திருப்பது.

ராஜா சாண்டோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சினிமா வரலாறு என்றால், ஏவி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 1947-ல் 'நாம் இருவர்' கொண்டுவந்த கதையோடு ஆரம்பித்து அதோடு முடிந்துவிடும். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் பிறந்த பி. கே. நாகலிங்கத்தை இங்கே யாரும் நினைப்பதில்லை. தேகப்பயிற்சிக்காரர். ஐரோப்பியப் பயில்வான் சாண்டோவின் பெயர் அப்படித்தான் இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பம்பாய்க்குப் போய் ஊமைப்படங்களில் கதாநாயகனானார். சந்துலால் ஷாவின் 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926), 'குணசுந்தரி' (1927) போன்ற படங்களில் நடித்தார். சமகாலக் குடும்பம், உத்தியோகம், படித்த பெண், கணவன் மனைவி பிணக்கு என்று அன்றைய பம்பாய் பழகிக்கொண்டிருந்த 'சமூகப் பட'த்தின் மொழியை அவர் அங்கே உள்ளே இருந்து கற்றார். சென்னைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது அந்த மொழி. அது இங்கே ஒரு தமிழ் நாவலைச் சந்தித்தது. அந்தச் சந்திப்பின் ஆவணம்தான் 'அனாதைப் பெண்' என்ற படம்.

அவர் பிற்பாடு செய்ததைப் பார்த்தால் இது தற்செயல் அல்ல என்று தெரிகிறது. பேசும் படம் வந்தபின் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' (1935), ஜே. ஆர். ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' (1936) என்று மறுபடியும் நாவல்களுக்கே போனார். கோதைநாயகி, வடுவூரார், ரங்கராஜு ஆகிய மூவரையும் திரைக்குக் கொண்டுவந்தவர் ஒரே மனிதர். 'மேனகா'வைத் தமிழின் முதல் சமூகப் பேசும் படம் என்று சொல்வதுண்டு. அந்த 'முதல்' எங்கிருந்து வந்தது என்று தேடினால் தடம் ஊமைப்படத்துக்குள் போகிறது, அங்கே அறுந்துவிடுகிறது.

3

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. படம் இல்லை, நாவல் இருக்கிறது. ஆகவே நாவலைப் படித்துவிட்டுப் படம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எழுதிவிடுவது. பள்ளத்தை மூட நாம் போடும் மண் இதுதான். ஒரு நாவலிலிருந்து வந்த படம், நாவலில் சொற்களைக் கழித்தால் மிஞ்சுவது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. கோதைநாயகி விஷயத்தில் இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைச் சுலபமாகக் காட்டலாம்.

கோதைநாயகி 1901-ல் பிறந்தவர். ஐந்து வயது கடந்ததும் கல்யாணம். பள்ளிக்கூடம் போனவரல்ல. முதல் படைப்பான 'இந்திரமோஹனா' நாடகத்தை வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். மேடையில் பேசினார், பாடினார், 1932-ல் மறியல் செய்து சிறைக்கும் போனார். அவருடைய எழுத்து வாயிலிருந்து வந்த எழுத்து. பாத்திரங்கள் எதிரெதிரே நின்று பேசித் தீர்க்கிறார்கள். மனசுக்குள்ளும் உரக்கவே பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியரும் இடையில் புகுந்து நம்மோடு பேசுகிறார். பொருள்களைப் பார்ப்பது, இடத்தை உணர்வது, மௌனம் காப்பது ஆகியவை அவருக்குக் கைவந்தவை அல்ல. இவற்றைக் குறைகள் என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஊமைப்படம் இந்த நாவலிடமிருந்து முதலில் பறிப்பது அதன் உயிரான பேச்சை. நாலு பக்கத்துக்கு ஓடும் ஒரு உரையாடலில் மூன்று வரிகள்தான் எழுத்து அட்டைக்கு வரும். மற்றதை ஒரு முகமோ, கதவோ, திரும்பி நடக்கும் ஒரு முதுகோ சொல்லியாக வேண்டும். ஆக, இந்த நாவலைப் படமாக எடுக்கிறவன் அதன் மேல் ஒரு விமர்சனத்தைச் செய்தே ஆக வேண்டும். எது சாரம், எது சளசளப்பு என்று அவன் தீர்மானித்தே தீரவேண்டும். கோதைநாயகியின் எழுத்தைப் பற்றித் தமிழில் நடந்த மிக ஆரம்பகாலக் கறாரான வாசிப்புகளில் ஒன்று ஒரு பயில்வானின் கத்தரிக்கோலால் நடந்திருக்கிறது. நாவலைப் படிப்பதால் அந்தத் தீர்மானங்கள் நமக்குத் தெரியப்போவதில்லை. வெட்டுவதற்கு முந்திய துணி நம்மிடம் இருக்கிறது; சட்டை இல்லை.

சிக்கல் இதோடு முடியவில்லை. ஊமைப்படம் என்று பெயரே தவிர, கொட்டகை ஊமையாக இருந்ததில்லை. ஹார்மோனியமும் தபலாவும் ஒரு பக்கம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை விளக்கிச் சொல்ல ஒரு ஆள் உண்டு. 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பெண்களில் அதிலும் மிகக் குறைவு. அட்டையில் வரும் வரியைப் படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். நாவலும் வீடுகளில் அப்படித்தான் படிக்கப்பட்டது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு மருமகளோ மகளோ சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். மற்ற பெண்கள் வேலையோடு வேலையாகக் கேட்பார்கள்.

வாயால் சொல்லி எழுதப்பட்டு, உரக்கப் படிக்கப்பட்டு, பேச்சை இழந்து படமாகி, கொட்டகையில் வேறொருவன் வாய்வழி மறுபடி பேச்சாக மாறிய ஒரு கதை இது. அந்தக் கடைசிப் பேச்சுக்காரன் ஊருக்கு ஊர் வேறு ஆள். ராஜா சாண்டோ வெட்டியெறிந்த சளசளப்பை அவன் திரும்பச் சேர்த்திருக்கவும்கூடும். நாளைக்கே எங்காவது ஒரு டப்பாவில் படச்சுருள் அகப்பட்டாலும் நமக்குக் கிடைப்பது பாதிதான். மற்றப் பாதி எந்தச் சுருளிலும் ஏறியதே இல்லை.

4

அகப்பட்டால் என்றேன். அப்படி ஒன்று அகப்பட்டிருக்கிறது. சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' (1891) நாவலை நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரிப்பில் பி. வி. ராவ் ஊமைப்படமாக எடுத்தார். 1933-ல் திருவனந்தபுரத்தில் படம் திரைக்கு வந்ததும், நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக டிப்போ வழக்குப் போட்டுத் தடுத்துவிட்டது. படம் முடங்கியது, தயாரிப்பாளர் நஷ்டப்பட்டார். 1974-ல் அந்தப் புத்தகக் கம்பெனியிடமிருந்தே சுருள் வெளிவந்து, 1964-ல் தொடங்கப்பட்ட புனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னாட்டில் எடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப்படங்களில் மிஞ்சியிருக்கும் முழுநீளக் கதைப்படமாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இதில் உள்ள நியாயத்தைக் கவனிக்க வேண்டும். ஓடிய படங்கள் அழிந்தன. ஓடாமல் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது. அதுவும் ஒரு புத்தகக் கம்பெனியின் பொறுப்பில் இருந்ததால் பிழைத்தது. சினிமாக்காரர்கள் கையில் இருந்தவை என்ன ஆயின என்பது தெரிந்ததுதான். நைட்ரேட் சுருள் தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டால் டப்பாவுக்குள்ளேயே பிசுபிசுத்துப் பொடியாகும். அதிலிருக்கும் வெள்ளிக்காகப் பழைய சுருள்களைக் கரைத்தார்கள். செல்லுலாயிடை வளையலுக்கும் கைப்பைக்கும் விற்றார்கள். பேச்சு வந்த பிறகு ஊமைச் சுருள் வெறும் பாரம். 'காளிதாஸ்'கூட இன்று இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். அதன் பெயரை அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பதால் அது இருப்பதுபோல ஒரு பிரமை.

காகிதம் ஏன் பிழைத்தது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். இது உயர்ந்தது, இது மட்டம் என்று அவர் பிரிக்கவில்லை. 1992-ல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்கிவருகிறது. ஜனரஞ்சக நாவல்கள் பற்றி இன்று யாராவது ஆராய்ச்சி செய்ய முடிகிறதென்றால் தரம் பார்க்காத இந்த மனிதரால்தான்.

ஆனால் அவராலும் ஒரு படத்தைச் சேர்த்திருக்க முடியாது. காரணம் எளிது. நாவல் விற்கப்படுகிறது; படம் வாடகைக்கு விடப்படுகிறது. எட்டணாவோ ஒரு ரூபாயோ கொடுத்தவன் நாவலை வீட்டுக்கு எடுத்துப்போகிறான். அது பெட்டியில், பரணில், வளவு வீட்டு இருட்டறையில் எங்கோ கிடக்கிறது. ஆயிரம் பிரதியில் ஒன்று தப்பிவிடுகிறது. இரண்டணா கொடுத்துப் படம் பார்த்தவன் வெறுங்கையோடு திரும்புகிறான். பத்திரம் எழுதி அடகு வைக்கப்படும் சொத்துக்காவது வங்கியில் ஒரு பேரேட்டுப் பக்கம் உண்டு என்பதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். ஊமைப்படத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஆயிரம் பேர் பார்த்த ஒன்றுக்கு ஒரு வீடுகூட இருக்கவில்லை.

5

இனி, சொல்ல வந்த விஷயம். நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் காட்ஸ்பி' (1925) மறு ஆண்டே ஊமைப்படமாயிற்று. படம் தொலைந்துவிட்டது, ஒரு நிமிஷ விளம்பரத் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சரத்சந்திரரின் 'தேவதாஸ்' 1928-ல் நரேஷ் மித்ரா இயக்கத்தில் ஊமைப்படமாக வந்தது, அதுவும் தொலைந்தது. இந்த இரண்டு இழப்புகளும் பட்டியல்களில் இருக்கின்றன; வருத்தத்தோடு எழுதப்படுகின்றன. மூல நாவல்கள் பெரிய நாவல்கள் என்பதுதான் காரணம். நாவலின் கௌரவத்தில் படத்துக்கும் ஒரு கல்லறை கிடைத்துவிடுகிறது. 'அனாதைப் பெண்'ணுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

தமிழில் இலக்கியம் எது, வியாபாரம் எது என்று கோடு கிழித்த தலைமுறையின் வாரிசுகள் நாம். 'மணிக்கொடி' 1933-ல் வந்தது, பின்னால் க. நா. சு.வும் 'எழுத்து'வும் அந்தக் கோட்டை அழுத்தமாக்கினார்கள். அது அவசியமான கோடு. அது இல்லாவிட்டால் புதுமைப்பித்தனையும் மௌனியையும் நாம் கண்டுகொண்டிருக்க மாட்டோம். கோதைநாயகி நல்ல நாவலாசிரியர் என்று இன்று மறுமதிப்பீடு செய்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் முக்கியமான மனுஷி. அவருடைய நாவல்கள் முக்கியமானவை அல்ல. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஆனால் நாவலுக்குப் போட்ட மார்க்கை நாம் படத்துக்கும் போட்டுவிட்டோம். படத்தைப் பார்க்காமலே போட்டோம். மட்டமான நாவலிலிருந்து எடுத்த படம் மட்டமாகத்தான் இருந்திருக்கும் என்ற அனுமானம், சினிமா ஒரு தனிக் கலை என்பதையே மறுப்பது. ஃபிலிம் சொஸைட்டிகளில் உட்கார்ந்து ட்ரையரையும் ஐஸன்ஸ்டைனையும் பார்த்து மௌனப் படத்தின் மகத்துவத்தைப் பேசிய நாம், நம் ஊரில் அதே மௌனத்தில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஐம்பதுகளில், அறுபதுகளில் அந்தப் படங்களில் வேலை செய்தவர்களும், கொட்டகையில் கதை சொன்னவர்களும், பார்த்தவர்களும் உயிரோடு இருந்தார்கள். கோதைநாயகியே 1960 வரை இருந்தார். தம் கதை பேச்சில்லாமல் திரையில் ஓடியதை அவர் எப்படிப் பார்த்தார் என்று நம் சிறுபத்திரிகைகளிலிருந்து ஒருவரும் போய்க் கேட்கவில்லை. 1966-ல் அவருடைய 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்று படமாகி ஊரே அழுதபோதும், இதே ஆசிரியையின் கதை முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு வேறொரு விதமாகப் படமானது யாருக்கும் உறைக்கவில்லை. நைட்ரேட் தானாக அழிந்தது. மனிதர்களின் ஞாபகம் நம் அலட்சியத்தால் அழிந்தது. இந்த இரண்டாவது அழிவுக்கு ரசாயனத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

இதனால் ஏற்பட்ட நஷ்டம் ஒரு படத்தோடு போகவில்லை. தமிழ் சினிமா ஏன் இவ்வளவு பேசுகிறது என்று ஐம்பது வருஷமாகக் குறைப்பட்டுக்கொள்கிறோம். நாடகத்திலிருந்து வந்ததால் என்று பதிலும் சொல்லிக்கொள்கிறோம். பேசத் தெரியாத காலத்தில் அது பேசாமல் கதை சொல்லப் பழகியது, அதுவும் வாய் ஓயாத ஒரு நாவலை வைத்துக்கொண்டு பழகியது என்ற விஷயம் இந்தப் பதிலுக்குள் வருவதில்லை. ஒலி வந்ததும் அந்தப் பழக்கம் ஏன் கைவிடப்பட்டது, பாட்டுக்கும் புராணத்துக்கும் ஏன் திரும்பினார்கள், ராஜா சாண்டோவே எவ்வளவு தூரம் திரும்பினார் என்று கேட்க வேண்டும். 1938-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் 'அனாதைப் பெண்'ணை மறுபடி பேசும் படமாக எடுத்தது. ஒரே பெயரில் ஏழெட்டு வருஷ இடைவெளியில் ஒரு ஊமைப்படமும் ஒரு பேசும் படமும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிந்திருந்தால், தமிழ் சினிமா எந்த இடத்தில் வாயைத் திறந்தது, திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டதா என்று கையால் தொட்டுக் காட்டியிருக்கலாம்.

செய்யக்கூடியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஜகன்மோகினி இதழ்களையும் அந்த வருஷத்துப் பத்திரிகை விளம்பரங்களையும் நாவலுக்காக அல்லாமல் படத்துக்காக ஒருவர் புரட்ட வேண்டும். 1927-28-ல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமா விசாரணைக் குழு பதிவு செய்த சாட்சியங்களை, கொட்டகைக்குள் என்ன சத்தம் கேட்டது என்ற கேள்வியோடு படிக்க வேண்டும். சென்னையில் எடுத்த ஊமைப்படங்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. செட்டிநாட்டுக்காரர்கள் தொழில் செய்த அதே ஊர்கள். ட்ரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' மூலப்பிரதி 1981-ல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் அகப்பட்டது. ரங்கூனிலோ பினாங்கிலோ ஒரு டப்பா அகப்படும் என்று நான் நம்பிக்கை ஊட்ட வரவில்லை. தேடாமலே இல்லை என்று சொல்வதை நிறுத்தலாம் என்கிறேன்.

அதுவரை நம் சினிமா வரலாறுகளில் 'காளிதாஸ்' என்ற வரிக்கு மேலே இந்தப் படத்தின் பெயரையும், காணாமற்போனது என்ற ஒரு சொல்லையும் எழுதி வைப்போம். காணாமற்போனது என்று எழுதிவிட்டால், எப்போது, யார் கையில் இருக்கும்போது என்ற கேள்வி பின்னாலேயே வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நாமும் உண்டு.